எண்ணிக்கையில் சரியாக இருந்த ஊசி

என் பிரியமான நங்கைக்கு,

அண்ணன் கல்யாணத்தன்று, "அண்ணின்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன், நங்கைன்னு கூப்பிடு" என்று என் கன்னத்தைக் கிள்ளியவர் நீங்கள். இருபத்திரண்டு வருடம் அப்படியே கூப்பிட்டாயிற்று. நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகியும் வாய் வேறெதற்கும் பழகவில்லை. அதனால் கடிதத்தையும் அப்படியே தொடங்குகிறேன்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மறுபடி திறந்துவிட்டேன். யாரைக் கேட்டுத் திறந்தாய் என்று சண்டைக்கு வராதீர்கள். பள்ளிக்கூட ஆபீசில் டிசி எழுதிக் கொடுக்கிற எனக்கும் கைவேலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியும். ஆனால் கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "அக்கா, கிளாஸ் எப்பங்க?" என்று கேட்கிற பிள்ளைகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. அண்ணன் அந்த மாடி அறைக்கு ஏறுவதே இல்லை. சாவியை என்னிடம் கொடுத்து, "என்னமோ பண்ணிக்க கண்ணு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உங்கள் முறையை நான் மாற்றவில்லை. குழந்தையோடு வீட்டுப் பெரியவர் ஒருவரும் வர வேண்டும். இருவரும் சேர்ந்து ஒன்றைச் செய்ய வேண்டும். முன்னே பின்னே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் வாரம் பழைய டீ-ஷர்ட்டில் பை. கையையும் கழுத்தையும் வெட்டி, அடியை நாடா நாடாக நறுக்கி முடிச்சுப் போட்டால் முடிந்தது, தையலே வேண்டாம். இரண்டாம் வாரம் பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த கட்டிங் வேஸ்டைச் சடை பின்னி மிதியடி. இரண்டுக்கும் ஊசி தேவைப்படவில்லை, நானும் தப்பித்தேன்.

மூன்றாவது வாரம், அதாவது நேற்று, யானை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

செய்முறை உங்கள் நோட்டில் இருந்தபடிதான். பனியன் துணியில் யானை உருவம் இரண்டு வெட்டி, ஓரம் தைத்து, திருப்பிப்போட்டு, உள்ளே துண்டுத் துணியைத் திணிக்க வேண்டும். கழுத்துப் பட்டிக்கு வைக்கிற தடித்த ரிப் துணியை நாலாக மடித்துச் சுருட்டித் தும்பிக்கை. கண்ணுக்குப் பட்டன் கூடாது, கறுப்பு நூலில் இரண்டு தையல் மட்டும். 'பட்டனைக் கைக்குழந்தை பிய்த்து விழுங்கிவிடும்' என்று சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

ஆறு குடும்பம், பன்னிரண்டு பேர். தெர்மாகோல் அட்டையில் நீங்கள் குத்தி வைத்திருந்த பன்னிரண்டு ஊசிகளையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். கொடுத்த கையோடு ஒவ்வொரு ஊசியையும் கண்ணாலேயே எண்ணத் தொடங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு பொடிசு ஊசியைத் தரையில் போட்டுவிட்டாள்.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. கத்தினேன். "இன்னொருக்கா ஆராச்சும் ஊசியக் கீழ போட்டா பாருங்க! ஒரு ஊசி கொறஞ்சாலும் ஒருத்தரும் படி எறங்க முடியாது, ஆமா!" அறை கப்சிப் என்று அடங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. பரவாயில்லையே, நமக்கும் வகுப்பு நடத்த வருகிறதே என்று நினைத்தேன்.

ஒரு மணிக்கு எல்லோரும் யானையோடு கிளம்பினார்கள். ஊசிகளை அட்டையில் குத்திக்கொண்டே எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டுதான். மின்விசிறியை நிறுத்தப் போனவள் ஏதோ உறுத்தித் திரும்பிப் பார்த்தேன். பதினோரு ஊசிகள் தடியாக, பெரிய காதோடு இருந்தன, குழந்தைகளுக்கென்று நீங்கள் தேடி வாங்கியவை. ஒன்று மட்டும் மெலிதாக இருந்தது, காது தங்க நிறத்தில் மின்னியது.

அது நம் ஊசி இல்லை. அப்படியென்றால் நம் ஊசி எங்கே? யாரோ உடைத்துவிட்டு, தன்னுடைய ஊசியை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டிவிட்டார்கள். உடைந்த துண்டு எங்கே போயிற்று? ஆறு யானைகள் ஆறு வீட்டுக்குப் போய்விட்டனவே நங்கை!

துப்பட்டா ஓரத்தில் எப்போதும் ஊசி குத்தி வைத்திருப்பது செல்விதான். உங்களுக்குத் தெரியாத செல்வியா? திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் கழுத்துப் பட்டி மட்டும் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறவள். 'ஒரு சாமானையாவது முழுசா நானே செஞ்சு பாக்கணும்க்கா' என்று மகள் பவித்ராவோடு வந்து சேர்ந்தவள். போன் போட்டேன். "ஊசி ஏதாச்சும் ஒடஞ்சுதா செல்வி?" என்றேன். "இல்லியேக்கா" என்று சட்டென்று சொன்னாள். கேள்வி முடிவதற்குள் வந்த பதில் அது.

ஊசி தேட உங்கள் தையல் பெட்டியில் நீங்கள் வைத்திருந்த ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். இரண்டு தெருதான். என் கையில் அந்தத் தங்கக்காது ஊசியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஒடஞ்சிட்டுக்கா. காதுப் பக்கம் கெடச்சிட்டு, பைக்குள்ள வச்சிட்டேன். முனை கெடைக்கல. தேடிட்டுத்தான் இருந்தேன், அதுக்குள்ள எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்து ஒன்று சொன்னாள். "சூப்பர்வைசர்ட்ட சொல்லிராதீங்கக்கா."

எந்த சூப்பர்வைசர்? அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் நின்றது அவள் வீட்டு அடுப்படியில். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. ஊசி உடைந்தபோது அவள் மடியில் இரண்டு யானைகள் இருந்திருக்கின்றன. ஒன்று பவித்ராவுடையது. இன்னொன்று ஊத்துக்குளி சிவகுமாருடையது. மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர், ஏழு வயது மகனோடு வருகிறார். நாலு மடிப்புத் துணியில் ஊசி இறங்கவில்லை என்று தும்பிக்கையை இவளிடம் கொடுத்திருக்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றித் தைத்ததில், முனை எதற்குள் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பவித்ராவின் யானையை வாங்கி, அவள் கண் முன்னாலேயே பிரித்தோம். திணித்த துணியைத் தாம்பாளத்தில் பரப்பி, ஒவ்வொரு துண்டாகக் காந்தத்தை ஓட்டினேன். தும்பிக்கையைப் பிரித்து உதறினோம். ஒன்றும் ஒட்டவில்லை. குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. அதைத் தேற்றக்கூட எங்களுக்கு நேரமில்லை. சிவகுமாரின் மகன் படியிறங்கும்போது சொன்னது என் காதில் அடித்துக்கொண்டே இருந்தது: "இது எங்க பாப்பாவுக்குங்க!" பாப்பாவுக்குப் பத்து மாதம். பல் முளைக்கிற நேரம்.

சிவகுமாருக்குப் போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டோம், எடுக்கவில்லை. பவித்ராவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் கூட்டம் தெரியுமே உங்களுக்கு. வாரம் பூராவும் கம்பெனிக்குள் அடைந்து கிடந்த ஊரே கடைவீதியில் இருந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் செல்வி பின்னாலிருந்து போன் போட்டாள். வழிநெடுக, "எந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் ஆயிரக்கூடாது மாதா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான் உங்களைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவேன்?

ஊர் தாண்டியதும் வண்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். சிவகுமார் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் செம்போடு எழுந்து, "வாங்க வாங்க, ஏனுங்க்கா, இத்தன தூரம்?" என்று சிரித்தார். "யானை எங்கீங்க?" என்றேன். பையன் உள்ளேயிருந்து ஓடிவந்து பெருமையாகச் சொன்னான். "பாப்பா புடிச்சுட்டே தூங்குதுங்க!"

தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தும்பிக்கை வாய்க்குள் இருந்தது. தூக்கத்திலேயே சப்பிக்கொண்டிருந்தது.

என் கால் நகரவில்லை நங்கை. சத்தியமாகச் சொல்கிறேன், நகரவில்லை. பிடித்து இழுத்தால் முனை எங்கே கீறும் என்ற நினைப்பிலேயே விறைத்துப் போனேன். செல்விதான் போனாள். பால் குடித்துக்கொண்டே தூங்கிய பிள்ளையை மார்பிலிருந்து விடுவிப்பது போல, சுண்டுவிரலை வாயோரத்தில் மெதுவாக நுழைத்து, ஈறு விலகியதும் தும்பிக்கையை நேராக வெளியே எடுத்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. சிவகுமாரின் மனைவி ஓடிவந்து, "என்னாச்சுங்க? எம் புள்ளைக்கு என்னாச்சுங்க?" என்று பதறினார். குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய் நாக்கு, ஈறு, அண்ணம் எல்லாம் பார்த்தோம். எங்கேயும் ரத்தம் இல்லை. கீறலும் இல்லை.

பிறகுதான் காந்தத்தை எடுத்தேன். தும்பிக்கை நுனியில் ஒன்றுமில்லை. நடுவில் ஒன்றுமில்லை. முகத்தோடு சேர்கிற இடத்தில் துணி தானாகக் காந்தத்தை நோக்கி எழும்பியது. நகத்தளவு முனை, துணிக்குள் குறுக்கே கிடந்தது. குழந்தையின் எச்சில் அதற்கு இரண்டு விரல் தூரம் வரை வந்திருந்தது.

சிவகுமார் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "தேடிட்டு வந்தீங்களே, அதே பெருசுங்க" என்றார். வாசல் வரை வந்து, நாங்கள் செருப்பைப் போடும்போது சொன்னார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இனி பையன அனுப்பறதா இல்லீங்க." அந்தப் பையன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. எனக்குச் செல்வி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன செல்வி? உன்னைய நான் கடிச்சா தின்னுருவேன்?" என்று அங்கேயே பிடித்துக்கொண்டேன்.

அவள் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கம்பெனியில் ஊசி உடைந்தால் அத்தனை துண்டும் கிடைக்கிற வரைக்கும் வேறு ஊசி தரமாட்டார்களாம். தைக்கிற லைன் முழுவதும் நின்றுவிடும். அத்தனை பேரும் திரும்பி இவளையே பார்ப்பார்கள். சூப்பர்வைசர் வந்து நின்று கத்துவார். சில பேர் பயந்துபோய்த் துண்டை மறைத்துவிட்டு, கையோடு வைத்திருக்கிற ஊசியை மாட்டி ஓட்டிவிடுவார்களாம். "நானும் ரெண்டு தடவ அப்படிச் செஞ்சிருக்கேன்க்கா. இன்னைக்கு நீங்க போட்ட சத்தத்துல கை தானா அப்படிப் போயிட்டு."

கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவளே சொன்னாள். "உங்க நங்கை இருக்கும்போது நாலு ஊசி ஒடச்சிருக்கேன்க்கா. நாலையும் ஒடனே சொல்லிருக்கேன்."

நாலு ஊசியா? எனக்கு ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை நீங்கள்? உடைந்ததும் என்ன செய்தீர்கள்? சிரித்தீர்களா, முனையைத் தேடும்போது பாட்டு ஏதாவது பாடினீர்களா? நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டேன். பட்டன் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், கத்தரிக்கோலை எப்படி நீட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், இது மட்டும் இல்லை. இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்றே உங்களுக்குத் தோன்றியிருக்காது. செல்வி மேல் வந்த ஆத்திரம் அந்த டீக்கடையிலேயே என் பக்கம் திரும்பிவிட்டது. அந்த முனையைக் குழந்தையின் தொட்டில் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது என் வாய்தான்.

இந்தக் கடிதத்தை வகுப்பு வாட்ஸப் குரூப்பில் போடப்போகிறேன். ஆறு வீட்டுக்காரர்களும் படிக்கட்டும். சிவகுமாரும் படிக்கட்டும். பேரை மாற்றிப் போடட்டுமா என்று செல்வியிடம் கேட்டேன். "எம் பேரையே போடுங்கக்கா. ஒளிச்சதெல்லாம் போதும்" என்றாள்.

வருகிற ஞாயிறு எத்தனை பேர் படியேறுவார்கள் என்று தெரியாது. செல்வியும் பவித்ராவும் மட்டும் வந்தாலும் வகுப்பு உண்டு. துணியை எடுப்பதற்கு முன்னால், எல்லோர் முன்னாலும் ஒரு ஊசியை நானே நாலு மடிப்புத் துணியில் குத்தி வளைத்து உடைப்பேன். "ஒடச்சுப்போட்டனுங்க, எல்லாரும் வந்து தேடிக் குடுங்க" என்று சத்தமாகச் சொல்வேன். முனை கிடைக்கிற வரைக்கும் முழங்கால் போட்டுத் தரையில் தவழ்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வாயாடி நாத்தனார்,
சுமதி