எட்டுப் படையலில் ஒரு கேக் துண்டு

மச்சாள்,

நேற்று அலுமாரியைத் துடைக்கும்போது உங்கள் செரிச் சாராயப் போத்தல் கைபட்டுக் கவிழ்ந்துவிட்டது. குசினி முழுக்க உங்கள் கேக்கின் மணம். யன்னலைத் திறக்க மனம் வரவில்லை. இந்தக் குளிரில் திறக்கவும் முடியாது. அதுதான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் வேலை முடிந்து, கர்க்லாண்டில் எங்கள் வீட்டுக்கு வந்து, கால்வலியோடு அந்தக் கேக்கை அடுக்குவீர்கள். சொக்லேட் கேக், கிறீம், செரி, மறுபடி கேக். ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்தபோது பழகியது. அதனால் இங்கே மொன்றியலில் உங்களுக்குப் பேரே ஜேர்மன் அக்கா. யார் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தாலும் உங்கள் தலையில்தான் விடியும்.

"கறுப்புக் காட்டுக் கேக் எண்டு பேர். ஆனா அந்தக் காட்டிலை பிறக்கேல்லையாம். வேறை ரெண்டு ஊர்க்காரர் தங்கடை எண்டு பிடுங்குப்படுகினம். காட்டிலை வடிச்ச சாராயத்தை ஊத்தினதாலை அந்தப் பேர் ஒட்டிட்டுது" என்பீர்கள். இன்னொரு நாள், அந்தப் பக்கத்துப் பெண்களின் உடுப்பைப் பார்த்துச் செய்தது என்பீர்கள். கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை, தொப்பியில் சிவப்புக் குஞ்சம். எது உண்மை மச்சாள் என்று கேட்டால், "நீர் முதல் தின்னும், பேந்து சரித்திரம் கதைப்பம்" என்று சிரிப்பீர்கள்.

நீங்கள் போய் எட்டாம் நாள், உங்கள் எட்டுப் படையல் அன்றுதான் எனக்குத் தலை சுற்றியது. இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் படைக்கவேண்டுமே. நண்டுக் குழம்பில் யாருக்கும் சந்தேகமில்லை. கேக்?

"அக்காவின்ரை உயிரே அதுதான்" என்றார் உங்கள் தம்பி.

"இல்லை மாமி, அம்மா அதைச் சாப்பிட்டு நான் ஒருநாளும் பாக்கேல்லை" என்றாள் உங்கள் மகள்.

நானும் யோசித்துப் பார்த்தேன். கத்தியோடு நீங்கள் தெரிகிறீர்கள். தட்டை நீட்டிக்கொண்டு "இன்னொரு துண்டு?" என்று நிற்பதும் தெரிகிறது. நீங்கள் வாயில் வைத்தது மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பிடிக்காததையா காலமெல்லாம் செய்தீர்கள்? அல்லது பிடித்தும், மற்றவர்களுக்குக் காணாது என்று விட்டுவிட்டீர்களா? இலையில் வைத்தால் செத்த பிறகும் உங்களைக் குசினிக்குக் கூப்பிடுவதாகப் பட்டது. வைக்காவிட்டால், ஆசைப்பட்டிருந்தால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

கடைசியில் நானே செய்து நண்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வைத்தேன். நீங்கள் வந்து சாப்பிடவேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். திறந்ததும் மகள் அந்தத் துண்டை எடுத்துக் கடித்து, "அம்மாவின்ரை மாதிரி இல்லை" என்று அழுதாள். எனக்கு அதுவும் பதிலாக இல்லை. செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் தெரியாது.

இப்போது எந்த வீட்டில் கேக் வெட்டினாலும் முதல் துண்டைச் செய்தவரின் கையில் கொடுத்து, "உங்களுக்கு இது பிடிக்குமோ?" என்று கேட்கிறேன். என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அவர்கள் பதில் சொல்ல இருக்கிறார்களே, மச்சாள்.