பண்ணாடியின் கையெழுத்து

2008, ஐப்பசி, வியாழன்

குண்டடத்தில் பழனாத்தாள் குடியிருந்த தோட்டத்துச் சாளை வீடு இன்று காலியாகக் கிடந்தது. அங்கேயே கூலி வேலை செய்தவள். போன மாதம் எங்கள் பேங்கில் சோலார் விளக்குக் கடனுக்கு நான்தான் அவளுக்கு மனு எழுதினேன்.

கையில் தூக்கிப் போகிற சின்ன விளக்கைத்தான் அவள் கேட்டாள். "சீமெண்ணப் பொகை இல்லாம இருந்தாப் போதுங்க சார்." கூரையில் பேனல் மாட்டினால் இரண்டு லைட் எரியும், பிள்ளைகள் படிக்கலாம் என்று நான் பேசியே மனதை மாற்றினேன். கூரை என்றால் இடத்துக்காரரான தோட்டத்துப் பண்ணாடியின் கையெழுத்து வேண்டும்.

"பண்ணாடிகிட்டக் கேக்காதீங்க சார்," என்றாள். போய்க் கேட்டேன். அவர் மோர் கொடுத்து உபசரித்தார். படிவத்தைப் பார்த்ததும், "இன்னைக்கு லைட்டும்பாங்க, நாளைக்குச் சாளையே எங்களுதும்பாங்க. பேங்க் பேப்பர்ல பேரு ஏறீருமில்லீங்க?" என்றார். கையெழுத்துப் போடவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

"அந்த வாரமே காலி பண்ணச் சொல்லீட்டாருங்க," என்றாள் பக்கத்துச் சாளைப் பெண். எங்கே போனார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

இன்று அவளுக்கென்று கொண்டுபோன சின்ன விளக்கு இன்னும் என் பையில் இருக்கிறது. இதற்கு யார் கையெழுத்தும் தேவையில்லை.