நீர்மாலைக்கு வராத தண்ணீர்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

பேச்சியம்மாவின் குரல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

குடிநீர்ப் புகார் பிரிவில் போன் எடுப்பது என் வேலை. ஊரின் இன்னொரு பக்கம், தெருக்கோடி வீட்டில் இருக்கும் பேச்சியம்மா, தண்ணீர் விடும் நாளெல்லாம் கூப்பிடுவார். கலங்கலாக வருகிறது, நாறுகிறது என்பார். எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொல்வேன்: "மொத ரெண்டு குடத்தைக் கொட்டிட்டுப் பிடிங்கம்மா, தெளிஞ்சுரும்."

இன்று காலையும் அவர்தான். குரலைக் கேட்டதும் என் வாய் தானாக அதையே சொல்லிவிட்டது.

"கொட்டிப் பாத்துட்டேன் தாயி. எங்க வீட்டுக்காரரு தவறிட்டாரு. நீர்மாலை எடுக்கக் குடத்தோட குழாயடியில நிக்கிறாக. அவரைக் குளிப்பாட்டவாச்சும் நல்ல தண்ணி விடச் சொல்லு."

ஃபிட்டருக்கு உடனே போன் போட்டேன். அவர் ஆத்தூர்ப் பக்கம் ஒரு குழாய் உடைப்பில் இருந்தார். அவர் வந்து, வால்வைத் திறந்து, கலங்கலையெல்லாம் வெளியேற்ற மாலையாகிவிட்டது. இத்தனை நாளில் ஒருமுறைகூட அவரை அங்கே அனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

இருட்டும் நேரத்தில் பேச்சியம்மாவே கூப்பிட்டார்.

"இப்பக் கண்ணாடி மாதிரி வருது தாயி. அவரை மத்தியானமே எடுத்துட்டாக. கேன் தண்ணி வாங்கித்தான் குளிப்பாட்டுனோம். நீ புகாரை முடிச்சுக்க."

புகாரை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இன்று எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. முதல் குடம் கலங்கலாகத்தான் வந்தது. கொட்டக் கை வரவில்லை. அடுப்படியில் அப்படியே இருக்கிறது.