ஏற்றத்துக்கு ஒரு காரணம்

2008 நவம்பர் 17, திங்கள்

அம்பிட்டிய பஸ் வழக்கம்போலக் காலை வாரியது. சந்தை திறந்த பிறகுதான் பங்கு விலைகளை இணையத்தளத்தில் போட்டேன். கூட வேலை செய்யும் லியோன் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

கொழும்பில் ஆங்கிலத்தில் நடக்கும் தளத்தை நாங்கள் இருவரும் கண்டியில் ஒரு மாடி அறையிலிருந்து தமிழில் நடத்துகிறோம். பங்கு விலை, டொலர், தங்கம். ஏறினாலும் இறங்கினாலும் கீழே ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாமல் செய்தி போகக்கூடாது என்பது லியோனின் வேதம்.

இன்று ஏறியது. பூநகரியை இராணுவம் பிடித்ததுதான் காரணம் என்றார் தரகர். அப்படியே எழுதினேன். அக்காவும் அத்தானும் கிளிநொச்சியில் இருக்கிறார்கள். அங்கிருந்து பூநகரி எவ்வளவு தூரம்?

நவம்பர் 28

அம்மா கண்டுபிடித்துவிட்டார். பங்கு என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் சந்தை ஏறினால் எங்கோ ஓர் ஊர் போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டார். நான் செருப்பைக் கழற்றுமுன்பே கேள்வி வந்துவிடுகிறது.

“இண்டைக்கு ஏறினதோ, இறங்கினதோ?”

இறங்கியது என்றால் ஒரு பிடி சோறு கூடச் சாப்பிடுகிறார். சந்தை விழ வேண்டும் என்று முருகனிடம் கேட்கும் ஒரே சீவன் இந்த நாட்டில் என் அம்மாவாகத்தான் இருக்கும். சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன்.

2009 ஜனவரி 5

வெள்ளிக்கிழமை கிளிநொச்சி போனது. இன்றும் பஸ் நிலையத்தில் வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள். எனக்கும் ஒரு துண்டு பாற்சோறு நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன் — வாங்காமல் இருக்க முடியுமா?

சந்தை பாய்ந்தது. விசைப்பலகையில் கை ஓடவில்லை. லியோன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். “நீங்க எழுத வேணாம் கமலா, நான் எழுதுறேன். வீட்டுக்குப் போங்க.”

அம்மாவிடம் இறங்கியது என்று பொய் சொன்னேன்.

“வெடிச்சத்தம் எனக்கும் கேட்டதுதானே, பிள்ளை.”

மார்ச் 9

அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை.

மே 18

போர் முடிந்துவிட்டதாம். தெருவெல்லாம் கொடி. சந்தை இப்படி ஏறி நான் கண்டதில்லை. காரணத்தை இன்றும் லியோன்தான் எழுதினார்.

ஏறியது என்று சொல்லப் பயந்துகொண்டே வந்தேன். அம்மாவோ, “ஏறட்டும், பிள்ளை. இனிப் போக எந்த ஊர் இருக்கு? அவள் வந்திடுவாள்” என்றார். கனநாளைக்குப் பிறகு தலைக்கு முழுகி, விளக்கேற்றினார்.

ஜூன் 11

அத்தான் பேசினார். வவுனியா முகாமிலிருந்து, யாரோ ஒருவருடைய போனில்.

“கமலா... கொக்கா... உன்ரை அக்கா இல்லை. ஏப்ரல் மாசம். கஞ்சி வாங்கப் போனவ. செல் வந்து விழுந்து வெடிச்சது.”

பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. லியோன் என் கணினித் திரையை அணைத்துவிட்டார்.

ஒவ்வொரு நாளும் ஒரு வரியில் காரணம் எழுதுகிறவள் நான். அத்தான் முகாமிலிருந்து பேசினார் என்று மட்டும் வீட்டில் சொன்னேன்; அந்த ஒரு வரியைச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா இடியப்பம் வைத்தார். சாப்பிட்டேன். எனக்கு ஏலாது. என்னால் ஏலாது.

ஜூன் 14, ஞாயிறு

லியோன் போகும் வேதக்கோயிலில் முகாமுக்குப் பொதி சேர்க்கிறார்கள். அம்மா விடியவே தொடங்கிவிட்டார். சவர்க்காரம், பால்மா, அத்தானுக்கு உடுக்க இரண்டு சாரம், அக்காவுக்கு ஒரு நீலச் சேலை. எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக் கயிற்றால் கட்டினார்.

“அவளின்ரை பேரை வடிவா எழுது. மாறிப் போயிடும்.”

பேனையை எடுத்தேன். சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று தெரியும். சொல்லவில்லை. வரதராசா என்று அத்தானின் பெயரை மட்டும் எழுதி ஒட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மறுபடியும் வாசித்தார். கயிற்றை அவிழ்த்துச் சேலையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பெட்டியை முன்போலவே கட்டினார்.