ஓடாத டயர்

நெய்வேலி

ராஜஸ்தான் மைன்ஸுக்கு மாற்றலாகிப் போன என் துரைக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தினமும் சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கும் நம் காரில் ஏறி, உங்கள் காலி சீட்டைத் திட்டிவிட்டு இறங்குகிறேன். அதுவும் உங்களை மாதிரியே பதில் பேசுவதில்லை.

கார் தயார் என்றால் லீவு போட்டு வருகிறேன், திருச்செந்தூர் போவோம் என்றீர்களே. பஞ்சர் கடை இளவழகனைக் கூப்பிட்டு டயர்களைக் காட்டினேன்.

"தேயவே இல்லக்கா. ஆனா ஓரமெல்லாம் விரிசல் வுட்டிருக்கு. ஓடாம நின்னுகினே இருந்தாலும் ரப்பருக்கு வயசாவும். இத நம்பித் தூரம் போவாதீங்க."

"எனக்குந்தான் வயசாவுது, என்னையும் மாத்திடலாமா?" என்றேன். சிரித்தான்.

புது டயர் போடலாம், பஸ்ஸிலும் போகலாம். லீவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

மனசு கேட்காமல் இளவழகனையே காற்றடித்துப் பார்க்கச் சொன்னேன். உங்கள் பக்கத்து டயர் வெடித்தது. என் பக்கத்து டயர் நன்றாக இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி