புரியாமல் நான் வைத்துவிட்ட போன்

என் ஜீவா அக்காவுக்கு,

நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருப்பேன். இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நமுனுகுலவில் மூன்று நாளாக மழை. மலையும் தெரியவில்லை, கீழ்லயத்து வீடுகளும் தெரியவில்லை. அம்மா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாள். இன்றைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாது என்று எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நனைந்தபடி வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அக்கா, உன்னிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். நீ போன நாளிலிருந்து அது என்னோடு இருக்கிறது. ஆனால் அது என்னவென்று எனக்கே தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நான் பிரெஞ்சு படிக்கத் தொடங்கியது உன்னால்தான். நீ பண்டாரவளைக்கார மச்சானைக் கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போனாய். இனியா பிறந்தாள். போனில் பேசும்போதெல்லாம் ஒரே பாட்டு உனக்கு. "நீயும் வந்துருடி ரேணு. அங்கயிருந்தே பாஷையப் படி. பரீட்ச எழுதிட்டா இங்க வந்து மேல படிக்கலாம்." பதுளையில் சொல்லித்தர யாரும் இல்லை. வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் எல்ல ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் யாரோ விட்டுப்போன பழைய இலக்கணப் புத்தகம் ஒன்று கிடைத்தது. பசறை பஸ்ஸில் நின்றுகொண்டே வினைச்சொற்களை மனப்பாடம் செய்தேன். நீ கேட்டால் தட்டாமல் ஒப்பிப்பேன்.

ஒரு நாள் நீ சொன்னாய்: "எழுத்துல நீ என்னய விட கெட்டிக்காரிதான். ஆனா இங்க யாரும் எழுதிக் காட்டிப் பேச மாட்டாங்க. புத்தகத்த மூடி வச்சிட்டுக் கொஞ்சம் கேளுடி."

"மொதல்ல இலக்கணம் முடியட்டும்க்கா" என்றேன்.

அது பொய். கேட்க எனக்குப் பயம். தாளில் இருக்கும்போது எனக்கு எல்லாம் புரிந்தது. அதையே ஒருவர் வாயால் சொன்னால் ஒன்றுமே புரியவில்லை. எழுத்தில் ஆறேழு எழுத்து இருக்கும், வாயில் இரண்டுதான் வரும். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடம் கேட்டால் நான் முட்டாளாகிவிடுவேன். அதனால் கேட்காமலே கெட்டிக்காரியாக இருந்தேன்.

பிறகு உனக்கு இரத்தத்தில் நோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கடைசி வாரம் காய்ச்சல் கூடி உனக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது என்று மச்சான் சொன்னார். உன் போன் அணைந்து கிடந்தது. அவர் உன் வார்டின் நம்பரை அனுப்பி, "நான் வேலைக்குப் போற நேரம் நீ போன் பண்ணிக் கேட்டுப் பாரு. உனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே" என்றார்.

அன்று பகல் இரண்டு மணி. நான் வேலை செய்யும் பதுளைக் கடையில், ஃபோட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னால் நின்று அந்த நம்பருக்குப் போன் பண்ணினேன். சொல்லவேண்டியதையெல்லாம் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு நர்ஸ் எடுத்தார். நான் வாசித்தேன். என் உச்சரிப்பு நன்றாகத்தான் இருந்திருக்கவேண்டும். அதுதான் கெடுத்தது. அவர் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து வேகமாகப் பேசினார். நீங்கள் சகோதரியா என்று கேட்டது மட்டும் விளங்கியது. ஆமாம் என்பதற்கு "உய்" என்றேன். அதற்குப் பிறகு வந்தது ஒரே நீளமான சத்தம். பின்னால் ஏதோ வண்டி உருளுகிற ஓசை. கடைசியில் 'பா' என்று ஒன்று கேட்டது. இன்னொரு 'பா' கேட்டது. 'பா' என்றால் 'இல்லை' என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். முடியாது, இப்போது பேச முடியாது என்று எடுத்துக்கொண்டேன். "நன்றி, போய்வருகிறேன்" என்று அழகான பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "என்னா சொன்னாங்க?"

"அக்கா தூங்குறாளாம், அம்மா."

ஏன் அப்படிச் சொன்னேன் அக்கா? ஒன்றும் புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

மறுநாள் விடியும் முன்பே நீ போய்விட்டாய். "தூக்கத்துலயே போயிட்டா, நோகாம போயிட்டா" என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அதோடு புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டேன். இனி யாருக்காகப் படிப்பது என்று இருந்தேன். மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவார். இனியாவின் கையில் போனைக் கொடுப்பார். நீ இருக்கும்போது அவள் உன் தமிழுக்குப் பிரெஞ்சில் பதில் சொல்வாள். நீ போன பிறகு அவள் காதில் தமிழ் விழுவதே குறைந்துவிட்டது. மச்சான் வேலையால் வரும்வரை பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரம்மாவிடம்தான் இருக்கிறாள். அவள் கடகடவென்று ஏதோ சொல்வாள். நான் சிரித்து, "உய், உய்" என்பேன்.

சில மாதத்தில் அவள் போனுக்கு வருவது நின்றது. மச்சானிடம் கேட்டேன்.

"பொறந்தநாளுக்கு வருவீங்களான்னு உன்கிட்ட கேட்டிருக்கா. நீ ஆமான்னு சொல்லியிருக்க. அன்னைக்குப் பூரா கதவப் பாத்துக்கிட்டே இருந்துச்சு, ரேணு."

எட்டு வயது முடிகிற பிள்ளை. தாய் இல்லாத முதல் பிறந்தநாள். நான் ஒரு 'உய்' சொல்லி அவளைக் கதவுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் அக்கா, நீ சொன்னதைச் செய்யத் தொடங்கினேன்.

என் போன் எல்லா அழைப்பையும் தானாகவே பதிந்து வைக்கும் பழைய போன். அந்த ஆஸ்பத்திரி அழைப்பும் அதில் கிடந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. போட்டுக் கேட்டேன். திரும்பவும் அதே சத்தம்தான். மச்சானுக்கு அனுப்பியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார். நாங்கள் நானா என்று கூப்பிடும் கடைக்காரர்கூட ஒரு நாள், நான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "புள்ள, அத ஒரு ஆப்ல போட்டா எழுதியே காட்டும். நான் போட்டுப் பாக்கவா?"

"வேணாம் நானா" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு பழைய ஹெட்போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பயம் அக்கா. அதில் என்ன இருக்கிறதோ என்ற பயம். வேறு யாரும் எனக்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ளக்கூடாது என்றும் இருந்தது.

எப்படிப் படித்தேன் என்று கேட்பாய். முதலில் பெரிய பெரிய நிகழ்ச்சிகளைப் போட்டுவிட்டு வேலை செய்தேன். அது மழைச் சத்தம் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. காதில் ஒன்றும் தங்கவில்லை. பிறகு படிக்கிறவர்களுக்காக மெதுவாக வாசிக்கிற செய்தியில் அரை நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுத்தைப் பார்க்காமல் பத்துத் தடவை கேட்பேன். கேட்டதைக் கொப்பியில் எழுதுவேன். முதலில் தமிழ் எழுத்தில் எழுதினேன். அது காலை வாரியது. நமக்கு ஒரே ஒரு 'ப'தானே. அவர்களுக்கு அந்த முதல் எழுத்து p என்றால் ரொட்டி, b என்றால் குளியல். பிறகு அவர்கள் எழுத்திலேயே, பிழையானாலும் பரவாயில்லை என்று எழுதினேன்.

எழுதி முடித்துவிட்டுத்தான் அச்சிட்டதைத் திறந்து பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரே அதிர்ச்சிதான். நான் விட்ட இடங்களில் ஒரு புதுச் சொல்கூட இருக்காது. எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். எனக்குத் தெரியாத பாஷையால் நான் தோற்கவில்லை அக்கா. தெரிந்ததையே கேட்கத் தெரியாமல்தான் தோற்றேன்.

அதன் பிறகு அவர்கள் பேசும்போதே நானும் கூடச்சேர்ந்து வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினேன். வாய் ஒட்டவைக்கப் பழகியதும் காது பிரிக்கப் பழகியது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு கூடடி சண்ட போடுற?" என்பாள். ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கிப் பார்ப்பதை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒன்றைத் தமிழாக்குவதற்குள் நாலு சொல் ஓடிவிடும். ஓடுவது ஓடட்டும் என்று விடப் பழக மாதக்கணக்கானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே பதுளையில் ரயிலேறி அப்புத்தளை வரை போனேன். எல்லயில் வெள்ளைக்காரர்கள் ஏறுவார்கள், அதில் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரலாம் என்று. வயதான ஒரு கணவனும் மனைவியும் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அந்த அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசனிடம் மெல்ல, "து மெகூத் ஜமே" என்றார். நான் சொல்வதை நீ ஒரு நாளும் கேட்பதில்லை. எழுத்து வேண்டாமல், தமிழ் வேண்டாமல், அப்படியே எனக்குள் வந்து இறங்கிய முதல் வாக்கியம் அது. சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். எனக்கு நீ சொன்னது போலவே இருந்தது. அப்புத்தளையில் இறங்கி, பனிக்குள் அடுத்த ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பதிவைப் போட்டுக் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் ஓரிரு சொல் கூடுதலாகப் பிரிந்து வரும். நீ போன பதினான்காவது மாதம், வேலை முடிந்து வரும் பஸ்ஸில் கேட்டேன். அன்றைக்கு அது சத்தமாகவே இல்லை. ஒரு பெண், கனிவாக, என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எல் எ ரெவெயே. எல் வூ துமாந்த். ந கித்தே பா, ஜ வூ லா பாஸ்."

அவர் விழித்திருக்கிறார். உங்களைத்தான் கேட்கிறார். வைத்துவிடாதீர்கள், அவரிடம் கொடுக்கிறேன்.

நான் கேட்ட முதல் 'பா', வைத்துவிடாதே என்பதில் இருந்தது. இரண்டாவது, உன்னிடம் போனைக் கொடுப்பதில் இருந்தது. அதற்குப் பிறகு என் குரல் நன்றி சொல்கிறது. போய்வருகிறேன் என்கிறது.

பசறையில் இறங்கவேண்டியவள் லுணுகலை வரைக்கும் போய்விட்டேன். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினார்.

நீ கையை நீட்டியிருந்தாயா அக்கா? அந்த நர்ஸ் போனைக் கொண்டுவந்து உன் காதில் வைத்தாரா? லைன் அறுந்த சத்தம் உனக்குக் கேட்டதா? அல்லது தங்கச்சி பேசுகிறாள் என்று சொன்ன அளவிலேயே நீ மறுபடி கண்ணை மூடிவிட்டாயா? பதிவில் அது இல்லை. எத்தனை வருஷம் படித்தாலும் அதை நான் கேட்கப்போவதில்லை.

ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப அவ முழிச்சித்தான் இருந்தாளா?"

"ஆமாம்மா."

"நம்மளத் தேடுனாளா?"

"ஆமாம்மா. நான்தான் புரியாம வச்சிட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும். மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்து, தண்டுகளை அள்ளிக்கொண்டு வெளியே போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நெனவு இருந்துச்சுல்ல அவளுக்கு. அதையாவது தெரிஞ்சுக்கிட்டோம்." கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு, தூக்கத்திலேயே போனாள் என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. அதை அவளிடமிருந்து எடுத்தது சரியா தவறா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இனியாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கமாட்டேன். மச்சானிடம் கெஞ்சி அவளைப் போனுக்கு வரவழைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறந்தநாளுக்கு வருவாயா என்று நீ கேட்டது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி நடித்தேன் என்று சொன்னேன். அவள், "இப்போது புரிகிறதா?" என்று கேட்டாள். "பாதி. மெதுவாகச் சொன்னால் முக்கால்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போதெல்லாம் புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்பச் சொல் என்கிறேன். சலிக்காமல் சொல்கிறாள். சில நேரம் டீச்சர் மாதிரி அதட்டுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். "அம்மாவின் குரல் எனக்கு மறந்துகொண்டு போகிறது" என்றாள். வேகமாகத்தான் சொன்னாள், பாதிச் சொற்களை விழுங்கித்தான் சொன்னாள். முதல் தடவையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

என் போனில் நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜ்கள் நிறைய இருக்கின்றன. எல்லாம் தமிழ். நீ போன பிறகு அவற்றை நான் திறக்கவே இல்லை. அன்றைக்கு ஒன்றை அவளுக்கு அனுப்பினேன். சின்னதுதான். கடைக்குப் போகிற வழியில் குளிரைத் திட்டிக்கொண்டே நீ நடக்கிறாய், மூச்சு வாங்குகிறது, நடுவில் யாரோ தெரிந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறாய். லைனிலேயே இருந்து அவளும் நானும் சேர்ந்து கேட்டோம். முடிந்தது. பிறகு, "குளிருது என்றால் என்ன சித்தி?" என்று கேட்டாள். சொன்னேன். அந்தச் சொல்லை நீ இழுத்துச் சொல்கிற மாதிரியே இழுத்துச் சொல்லிப் பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். ஏழெட்டுத் தடவை போட்டிருப்போம்.

வாரத்துக்கு ஒன்றாக அவளுக்கு அனுப்புவேன் அக்கா. உன் தமிழ் முழுவதும் அவள் காதில் பிரிந்து விழும்வரை கூடவே இருந்து கேட்பேன். அவளிடம் புரியாததற்கு இனி ஒரு நாளும் ஆமாம் சொல்ல மாட்டேன். அவள் பேசி முடிக்கும் முன் போனை வைக்க மாட்டேன்.

அன்றைக்குக் காத்திருக்கத் தெரியாத
உன் தங்கச்சி,
ரேணு