பெஞ்சுக்குப் பின்னால் ஹத்வோர்

மே 13
இன்று ஒரு ஜெர்மன்காரர் நடுத்தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். "ஐயா, அது எண்ணூறு வருஷத்துத் தூண், உங்க சம்சாரம் இல்ல" என்றேன். அவர் மனைவி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் நார்வே ஊரின் இந்த மரத் தேவாலயச் சாவி இருபத்தொரு வருடமாக என் இடுப்பில் இருக்கிறது. சுவரில் விரல் வைத்ததற்காக எத்தனை ஆயிரம் பேரைத் திட்டியிருப்பேனோ. சபைக்குழுத் தலைவன் ஹல்வோருக்கு அது பிடிப்பதில்லை. கல்யாணம் காட்சி இல்லாமல் ஆடுகளோடு வாழ்கிறவன், என்னோடு படித்தவன். "குட்ரூன், நீ வர்றவங்களை எல்லாம் விரட்டுற" என்றான். "உன்னைத்தான் விரட்ட முடியல" என்றேன்.

மே 14
புகை எச்சரிக்கைக் கருவிக்குக் கம்பி இழுக்க வந்தவர்கள் வடக்குச் சுவரோரப் பெஞ்சை ஒரு முழம் நகர்த்தினார்கள். சுவரில் ரூன் எழுத்து! முன்னோர்கள் கத்தியால் கீறி எழுதிய அதே எழுத்து. பாஸ்டர் போனைப் பார்த்து எழுத்துக்கூட்டினார்: ஹத்வோர். மீதி வரி பெஞ்சுக்குப் பின்னால். "பொக்கிஷம்!" என்று கத்தினார்.

அது முன்னோர் இல்லை. நான்தான்.

மே 15
என் வீட்டுக்காரர் ஓலா போய் ஆறு வருடம். வேறு யாரிடம் சொல்ல, இந்த நோட்டிடம்தான் சொல்ல வேண்டும்.

1976. இதே கோயிலில் திடப்படுத்தல் வகுப்பு, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்த. பதினாலு வயது. பாஸ்டர் (அப்போதைய பாஸ்டர்) பத்துக் கட்டளைகளில் ஆறாவதிலேயே அரை மணி நேரம் நின்றார். பக்கத்தில் ஹல்வோர். பூட்ஸை வாசலில் கழற்றிவிட வேண்டும். ஆட்டுக்கொட்டிலிலிருந்து நேரே வந்த கம்பளிக் காலுறை... அப்பப்பா! அந்த வருடம் பால் அட்டைப்பெட்டியில் ரூன் எழுத்துப் பட்டியல் அச்சடித்திருந்தார்கள். வெட்டிப் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருந்தேன். பேனாக்கத்தியால் கீறினேன்: 'ஹல்வோர் கால் நாறுது.' அதோடு நின்றேனா? கீழே என் பெயரையும் போட்டேன். அறிவு அவ்வளவுதான்.

ஆனால் ஹல்வோர் எப்படி ஹத்வோர் ஆனான்?

தெரிந்தால் சாவி போய்விடும். சுவரைக் கீறினவளிடம் கோயிலை எவன் விட்டுவைப்பான்? அதுவும் ஹல்வோர் தலைவனாக இருக்கும்போது? சாவி போனால் எனக்கு என்ன இருக்கிறது?

மே 17
தேசிய நாள். கொடி பிடித்து வந்தவர்கள் எல்லாரும் ஹத்வோரைப் பற்றியே பேசினார்கள். வாங்கின ஐஸ்கிரீமைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 22
பத்திரிகைக்காரப் பெண் ஹல்வோரிடம் போயிருக்கிறாள், ஹத்வோர் உங்கள் மூதாதையரா என்று. "எங்க பண்ணையில எந்தக் காலத்துலயும் அப்படி எவனும் இருந்ததில்ல. எழுதிக்கோ!" என்று பாய்ந்தானாம்.

ஏன் இவ்வளவு கோபம்? இருக்கட்டும். என்மேல் சந்தேகம் வரவில்லை, அதுவே போதும்.

ஜூன் 3
குழுக் கூட்டம். ஓஸ்லோவிலிருந்து இங்வில்ட் என்ற ரூன் ஆராய்ச்சியாளர் வருகிறாராம். அதற்கு முன் பெஞ்சை முழுதாக எடுக்க வேண்டுமாம். "அது முந்நூறு வருஷத்துப் பெஞ்சு, அசைச்சா உளுத்துக் கொட்டிடும்" என்றேன்.

ஹல்வோர் எழுந்தான். "குட்ரூன் சொல்றது நூத்துக்கு நூறு சரி."

குறிப்பெடுத்தவள் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை! அப்படியும் ஓட்டெடுப்பில் தோற்றோம்.

ஜூன் 10
அந்தக் கீறலை மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்துவிட்டால்? — சீ. அது அதைவிடப் பாவம்.

ஜூன் 11
இங்வில்ட் வந்தாள். சின்னப் பெண். விளக்கைச் சாய்த்துப் பிடித்து 'ஹத்வோர்' மட்டும் பார்த்தாள். உடனே கேட்டாள்: "எழுபத்தாறுல இந்த ஊருக்கு அட்டைப்பெட்டியில பால் வந்துச்சா?"

என் கையிலிருந்த வாஃபிள் அப்பம் கீழே விழுந்தது.

"ரூன்ல 'ல'வுக்கும் 'த'வுக்கும் கொம்பு மட்டும்தான் பக்கம் மாறும். பால் பெட்டியில ரெண்டையும் மாத்தி அச்சடிச்சுட்டாங்க. இதே தப்போட இது எட்டாவது கோயில் எனக்கு!"

பாஸ்டரும் குழுவினரும் பெஞ்சைத் தூக்கினார்கள். "படிக்க வேணாம்மா, நான்தான்" என்றேன். அவள் படித்தேவிட்டாள், காலையும் நாற்றத்தையும் என் பெயரையும். ஹல்வோரின் காது பழுத்துச் சிவந்தது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துப் பெஞ்சின்மேல் வைத்தேன்.

"இருங்க" என்றாள் இங்வில்ட். "கீழ இன்னொரு வரி இருக்கு. வேற ஆள் கை."

படித்தாள்: 'கழுவிட்டேன். ஹத்வோர்.'

தன் சொந்தப் பெயரையே தப்பாக எழுதியிருக்கிறான்! பாஸ்டர் வெளியே ஓடினார். அவர் சிரித்தது கல்லறைத் தோட்டம் தாண்டிக் கேட்டிருக்கும்.

"எப்ப எழுதின?" என்றேன்.

"மறு வாரம். அதுக்கு அடுத்த வாரமே இந்தப் பெஞ்சை இங்க கொண்டுவந்து போட்டுட்டாங்க. நீ அதுக்குள்ள பார்த்திருப்பேன்னு நெனச்சேன். பார்த்துட்டுத்தான் நீ அதைப் பத்திப் பேசாம இருக்கேன்னு..."

"நாப்பத்தெட்டு வருஷமாவா?"

"நீ கோவக்காரிதானே."

சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்தான். "உன்னைத் தள்ளினா என்னையும்ல தள்ளணும்" என்றான்.

ஜூன் 12
ஒரே ஒரு சொல். அது மேல ஒரு பெஞ்சு. அடப்பாவி, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

ஜூன் 20
எங்கள் கிறுக்கலும் ஆவணத்தில் ஏறிவிட்டது, '1976, இரண்டு கைகள்' என்று. அழிக்கக் கூடாதாம். பாஸ்டர் தண்டனை சொல்லிவிட்டார்: இந்த வருடம் வடக்குச் சுவருக்கு வெளியே, மரம் கெடாமலிருக்க, தார் பூசுவது நாங்கள் இருவரும்.

ஜூலை 2
நல்ல வெயில். தார் இளகி நன்றாகப் பிடித்தது. என் தலையிலும் பிடித்தது, ஹல்வோர் மேல்படியில் நின்றதால். திட்டினேன். கேட்டுக்கொண்டான்.

காப்பிக்கு என் வீட்டுக்கு வந்தான். வாசலில் பூட்ஸைக் கழற்றினான். புதுக் காலுறை, சாம்பல் நிறம். பழுப்புச் சீஸை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"பார்த்துட்டியா?" என்றான்.

"பார்த்துட்டேன்."

இந்தத் தடவை உடனே சொல்லிவிட்டேன்.